அத்தியாயம் 9: கம்பி அறுந்தாலும் எடைமேடை நிற்கக்கூடாது

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சிரம்பான் பக்கம் வானம் கறுத்துவிட்டால், மம்பாவிலிருந்து ரந்தாவ் வரை தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அடுத்த ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று தெரியும். முதலில் காற்று, பிறகு இடி, பிறகு எதிரில் நிற்பவர் தெரியாத மழை. சில நாள் கரண்டும் போகும். அதே நேரத்தில்தான் செம்பனை ஆலை வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். காலையில் வெட்டிய பழக்குலை அன்றே ஆலைக்கு வந்தாக வேண்டும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்காவிட்டால் பழத்தில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும்; எண்ணெயின் தரமும் விலையும் இறங்கும்.

லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, பழத்தைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிறுதோட்டக்காரர் கைக்குப் போய்ச் சேரும் பணம். அந்த இரண்டு எண்ணும் பதிவாகும் இடம் அலுவலகப் பின்னறையில் இருக்கும் தரவுத்தள சர்வர். பழத்தைத் தரம் பார்ப்பவர், ஆய்வுக்கூடம், ஸ்டோர், சம்பளக் கணக்கு, கொதிகலனின் அழுத்தத்தை நொடிக்கொரு முறை அனுப்பும் கருவி என்று எல்லாரும் எல்லாமும் எழுதுவது அங்கேதான். சர்வர் நின்றால் எடைமேடை நிற்கும். எடைமேடை நின்றால் லோரி வரிசை ஆலை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிடும்.

சென்ற அத்தியாயத்தில் காப்புநகல் எடுப்பதைப் பார்த்தோம். காப்புநகல் நேற்றைய கணக்கைக் காக்கும். இன்று பிற்பகல் வரிசையில் நிற்கும் லோரியைக் காக்க வேறொரு ஏற்பாடு வேண்டும்: ஒரு கம்பியோ, ஒரு சுவிட்சோ, ஒரு சர்வரோ விழுந்தால் இன்னொன்று தானாக ஏற்றுக்கொள்வது. நம் தொழிலில் இதை ஃபெயில்ஓவர் என்கிறோம்.

முதலில் நான் தவறு செய்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த அத்தியாயத்தில் உள்ள பாதி அறிவு அதிலிருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலைக்கு நான் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன். அலுவலகத்தில் ஒரு சர்வர், நூறு மீட்டர் தள்ளி ஆலைக் கட்டடத்தில் ஒரு துணை சர்வர். இரண்டுக்கும் நடுவே ஒரு செப்புக் கேபிள். முதன்மை சர்வரிடமிருந்து நொடிக்கு ஒரு முறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சேதி போகும். சேதி நின்றுவிட்டால் துணை சர்வர் தானே முதன்மையாக மாறி, 192.168.10.50 என்ற முகவரியையும் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும். சோதித்துப் பார்த்தேன், முதன்மை சர்வரை நிறுத்தினேன், நான்கு நொடியில் மாறிவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில் எடைமேடைக் கிராணி கூப்பிட்டார்.

"தம்பி, உள்ள எடை போட்ட லோரி வெளிய போறப்போ கம்பியூட்டர்ல காணோம் லா. அதோட ரெண்டு லோரிக்கு ஒரே நம்பர்ல சீட்டு வந்திருக்கு."

"என்னண்ணே சொல்றீங்க? சர்வர் ஓடுதா, நின்னிடுச்சா?"

"ஓடுது. ரெண்டு பக்கமும் நல்லாத்தான் ஓடுது."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சர்வர் நின்றிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இடி விழுந்து நடுவிலிருந்த செப்புக் கேபிளின் இரண்டு முனைப் போர்ட்டும் கருகிப்போயிருந்தன. முதன்மை சர்வர் சாகவில்லை; அது பேசுவது மட்டும் அடுத்த பக்கத்துக்குக் கேட்கவில்லை. துணை சர்வர் 'அவர் போய்விட்டார்' என்று முடிவு கட்டித் தானும் முதன்மையாகிவிட்டது. உள்வாயில் எடைமேடை ஒரு சர்வரில் எழுதியது, வெளிவாயில் எடைமேடை இன்னொன்றில் எழுதியது. சீட்டு எண்ணை இரண்டும் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்தன. அப்படியே நாற்பது நிமிடம். கிராணியிடம் கார்பன் நகல் இருந்ததால் பிழைத்தோம். இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக ஒத்துப்பார்த்துக் கணக்கைச் சேர்த்தோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலைப் பெரட்டில் ஒரு மண்டோர் வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் வேலை தாமதப்படும், அவ்வளவுதான். இரண்டு மண்டோர்கள் வந்து ஒரே கும்பலுக்கு இரண்டு வேறு நிரையைக் காட்டினால் அன்றைய கணக்கே குழம்பிப்போகும். தரவுத்தளத்திலும் அப்படித்தான். எழுதுபவர் எவரும் இல்லாத பத்து நொடியை எல்லாரும் தாங்கிக்கொள்வார்கள். எழுதுபவர் இருவர் இருக்கும் பத்து நொடியைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு அமைப்பும் இதை வைத்துத்தான்.

உலகத்தின் பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதாகிக்கொண்டிருந்த ஒரு 100 கிகாபிட் ஒளியிழைக் கருவியை மாற்றியது. வழக்கமான பராமரிப்பு வேலைதான். கிழக்குக் கரையின் வலையமைப்பு மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 நொடியில் மீண்டும் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஃபெயில்ஓவரைக் கவனிக்கும் மென்பொருள் பெரும்பான்மை கூட்டி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் முதன்மைப் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் கடைசி நேரத்தில் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ புதுப் பதிவுகள் சேர ஆரம்பித்துவிட்டன. இரண்டு பக்கமும் மறுபக்கத்தில் இல்லாத தரவு. மிகுந்த சுமையுள்ள ஒரு தொகுதியில் அப்படிச் சிக்கியவை 954 பதிவுகள். அவற்றைத் தொலைக்கக்கூடாது என்று முடிவெடுத்து, சேவையைக் குறைத்து, காப்புநகலிலிருந்து மீட்டுச் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் ஆனது. 43 நொடி வெறுமனே காத்திருந்திருந்தால் இந்த நிலையே வந்திராது. அதன்பின் அவர்கள் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு முதன்மைப் பொறுப்பு தானாகத் தாவுவதைத் தடுத்தது.

நமக்குப் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 21 இரவு கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தின் வலையமைப்பு விழுந்தது. நீலாயைத் தாண்டினால் வந்துவிடும் அந்த நிலையத்தில் பயணப் பதிவு முகப்பு, பெட்டி கையாளும் அமைப்பு, விமான நேரம் காட்டும் திரை, வைஃபை எல்லாம் பாதிக்கப்பட்டன. ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் மார்க்கர் பேனாவால் விமான நேரத்தை எழுதி வைத்தார்கள். மைய வலையமைப்பு சுவிட்சுகளை மாற்றி, நிலைமை சீராகச் சில நாட்கள் பிடித்தன. சர்வர்கள் நன்றாகவே இருந்தாலும், அவற்றுக்குப் போகும் வழி அடைபட்டால் மக்கள் கண்ணுக்கு எல்லாமே நின்றதுதான்.

சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கிக்கு 2023 அக்டோபர் 14 அன்று நடந்தது இன்னும் நேராக நம் விஷயம். அவர்கள் பயன்படுத்திய தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி வெப்பம் ஏறியது. மாற்று மையம் தயாராக இருந்தது. ஆனால் வலையமைப்பு அமைப்பில் இருந்த ஒரு தவறால் அதனுடன் சரியாக இணைய முடியவில்லை. அன்று சிட்டி வங்கியும் அதே மையத்தால் பாதிக்கப்பட்டது. இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிமாற்றங்களும் ஏ.டி.எம். வேலைகளும் முடியாமல் போயின. மாற்று இடம் கட்டியிருந்தார்கள், பணமும் செலவழித்திருந்தார்கள். அங்கே போகும் பாதைதான் வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை.

நம் நாட்டில் பேங்க் நெகாரா, 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தன் தொழில்நுட்ப இடர் விதிகளில், வங்கிகளின் முக்கிய அமைப்புகளில் வாடிக்கையாளரைப் பாதிக்கும் எதிர்பாராத நிறுத்தம் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு முறைக்கு 120 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறது. ஆலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் உங்கள் மேலாளரிடம் கேட்க நல்ல கேள்வி இது: ஒரு முறைக்கு எத்தனை நிமிடம் நிற்கலாம்? எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். 'நிற்கவே கூடாது' என்றால் அது எண் ஆகாது. அந்த எண்ணை வைத்துத்தான் கீழே உள்ளவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்க முடியும்.

இனி கீழிருந்து மேலாக வருவோம்.

கம்பி. கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் போடாதீர்கள். இது என் உறுதியான முடிவு. தீபகற்பத்தின் மேற்குக் கரை உலகிலேயே இடி அதிகம் விழும் இடங்களில் ஒன்று. இரண்டு கட்டடத்தின் நிலத்தொடர்பு மின்னழுத்தம் இடி நேரத்தில் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் சுவிட்ச் போர்ட் வழியாகப் பாயும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவசம் இல்லாத ஒளியிழையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு இழை போடுங்கள், இரண்டையும் ஒரே பள்ளத்தில் போடாதீர்கள். பழைய ரப்பர் காடுகள் வீடமைப்புத் திட்டமாக மாறிக்கொண்டிருக்கும் இந்த வட்டாரத்தில், மண்வாரி இயந்திரத்தின் ஒரு கொத்து பக்கத்தில் பக்கத்தில் புதைத்த இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும்.

சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட், இரண்டு சுவிட்சுக்கு. லினக்ஸில் இதை பாண்டிங் என்று ஒன்றாகக் கட்டலாம். ஒன்று வேலை செய்ய, மற்றது காத்திருக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டும் முறைக்குச் சுவிட்சுகள் இரண்டும் ஒன்றாகப் பேசத் தெரிந்தவையாக இருக்க வேண்டும், விலையும் அதிகம். போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று 100 மில்லிநொடிக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வது வழக்கம். அது போதாது. சுவிட்ச் பாதி செத்து, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும் நிலையை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதற்கு ஏஆர்பி கண்காணிப்பு என்ற வழி இருக்கிறது: அடுத்த பக்கத்தில் இருக்கும் ரவுட்டரை அவ்வப்போது கூப்பிட்டு, பதில் வந்தால்தான் வழி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அதை வையுங்கள்.

பின் அந்த அலமாரியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு போர்ட்டும் ஒரே கார்டில் இருக்கிறதா? இரண்டு சுவிட்சும் ஒரே நீட்டிப்புப் பலகையில், ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருக்கிறதா? அப்படியென்றால் உங்களிடம் இருப்பது இரண்டு சுவிட்ச் இல்லை, ஒன்றுதான்.

சுவிட்சுகளை வளையமாக இணைக்கும்போது ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு வரும். பழைய முறையில் ஒரு போர்ட் எழுந்ததும் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, 30 நொடி கழித்துத்தான் வழி விடும். சில நிலைகளில் 50 நொடி. உங்கள் சர்வர் நான்கு நொடியில் மாறினாலும் சுவிட்ச் அரை நிமிடம் கதவைச் சாத்தி வைத்திருக்கும். விரைவு ஸ்பேனிங் ட்ரீயைப் போட்டு, சர்வர் இணையும் போர்ட்டுகளை விளிம்புப் போர்ட் என்று குறித்துவிடுங்கள்.

அடுத்தது முகவரி. எடைமேடைக் கணினிக்குத் தெரிந்தது ஒரே ஐபி முகவரி. எந்த சர்வர் முதன்மையோ அதற்கு அந்த முகவரி நகர வேண்டும். இதை மிதக்கும் ஐபி என்று சொல்வோம். விஆர்ஆர்பி என்ற நெறிமுறையும் கீப்அலைவ்டி என்ற இலவச மென்பொருளும் இதைச் செய்யும். நொடிக்கு ஒரு சேதி. மூன்று சேதி வராமல் போய், அதற்கு மேல் ஒரு சிறு துளி நேரமும் கழிந்தால் அடுத்தவர் ஏற்பார். முன்னுரிமை எண் 100 உள்ள துணைக்கு அது ஏறத்தாழ 3.6 நொடி. முகவரியை எடுத்ததும் 'இந்த முகவரி இனி என்னிடம்' என்று வலையமைப்பு முழுவதும் அறிவிப்பு அனுப்பும். பெரும்பாலான கணினிகள் கேட்டுக்கொள்ளும். எடைமேடையில் இருக்கும் சில பழைய எடைகாட்டிக் கருவிகள் கேட்பதில்லை. தங்கள் நினைவில் இருக்கும் பழைய வன்பொருள் முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சில ரவுட்டர்கள் அந்த நினைவை நான்கு மணி நேரம்கூட வைத்திருக்கும். உங்கள் ஆலையில் உள்ள ஒவ்வொரு கருவியையும் இதற்காகத் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இப்போது நான் தவறு செய்த இடத்துக்கு வருகிறோம். விஆர்ஆர்பி முகவரியை நகர்த்தத் தெரிந்தது. யார் முதன்மை என்று தீர்மானிக்க அதற்குத் தகுதி கிடையாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில், சேதி வரவில்லை என்றால் மற்றவர் செத்தாரா, நடுவில் வழி அறுந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளாலும் முடியாது. அதனால் மூன்றாமவர் வேண்டும்.

மூன்றாமவர் பெரிய சர்வராக இருக்க வேண்டியதில்லை. வாக்களிக்க மட்டும் ஒரு சிறிய கணினி போதும். முக்கியம் அது இருக்கும் இடம். ஆலையில் வாசல் காவல் கூண்டில் வையுங்கள், அல்லது தோட்ட மருந்தகத்தில். முதல் இரண்டு சர்வரும் இருக்கும் கட்டடங்களில் வைக்காதீர்கள். மூன்றில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தால் அவர்கள்தான் பெரும்பான்மை. தனியாகப் போனவர் தான் நன்றாக இருந்தாலும் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பெட்ரோனி என்ற மென்பொருளும் அதோடு எட்சிடியும். எட்சிடி மூன்று இடத்திலும் ஓடும். 'நான் முதன்மை' என்ற சாவி அதில் ஒன்றே ஒன்று இருக்கும். அதற்கு ஆயுள் 30 நொடி. முதன்மை சர்வர் 10 நொடிக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க முடியவில்லை என்றால் தானே கீழே இறங்கிவிடும். சாவி காலாவதியானதும் துணை அதை எடுத்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டவாளத்தில் கையில் டோக்கன் இல்லாத ரயில் கிளம்பக்கூடாது என்ற பழைய ரயில்வே விதி இது. 30 நொடி அதிகம் என்று குறைக்கத் தோன்றும். எடைமேடைக்கு அரை நிமிடம் பெரிதல்ல. ஒரு லோரி மேடையேறி நிலைக்கவே அவ்வளவு ஆகும். கிட்ஹப் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு மாறுவது காத்திருப்பதைவிடக் கெடுதல்.

தானே இறங்க வேண்டிய சர்வர் உறைந்துபோய், இறங்கக்கூட முடியாமல் இருந்தால்? அதற்கு வேலி போட வேண்டும். சர்வர் பலகையில் இருக்கும் வாட்ச்டாக் கடிகாரத்தை இயக்கி வையுங்கள். மென்பொருள் அதைக் குறித்த நேரத்தில் தட்டாவிட்டால் அது சர்வரையே மறுதொடக்கம் செய்துவிடும். பேஸ்மேக்கர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் வலையமைப்பு வழியாகக் கட்டுப்படுத்தும் மின்பலகையை வைத்து, பழைய முதன்மையின் கரண்டை வெட்டிய பிறகே புதியவர் எழும்படி அமைக்கலாம். அந்த மின்பலகைக்குத் தனிக் கேபிள் வேண்டும். வழக்கமான வலையமைப்பு அறுந்த நேரத்தில் அதே வலையமைப்பு வழியாகக் கரண்டை வெட்டச் சொன்னால் கட்டளை போய்ச் சேராது.

மிதக்கும் ஐபியை தரவுத்தள சர்வரிலேயே வைக்காமல், முன்னால் ஹெச்ஏபிராக்ஸி என்ற மென்பொருள் இரண்டை நிறுத்தி அவற்றுக்கு வைப்பதே எனக்குப் பிடித்த முறை. ஹெச்ஏபிராக்ஸி ஒவ்வொரு சர்வரிலும் பெட்ரோனியிடம் 'நீ முதன்மையா' என்று கேட்டு, ஆம் என்றவரிடம் மட்டுமே இணைப்பை அனுப்பும். வழி அறுந்து இரண்டு ஹெச்ஏபிராக்ஸியும் ஒரே முகவரியை எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இரண்டும் அனுப்புவது ஒரே முதன்மைக்குத்தான். அன்று எங்களுக்கு நடந்தது இந்த அமைப்பில் நடக்காது. போஸ்ட்கிரெஸ் 10 பதிப்பு முதல், அதாவது 2017 முதல், இணைப்பு வரியிலேயே இரண்டு மூன்று சர்வர் பெயரைக் கொடுத்து 'எழுத முடிந்தவரைப் பிடி' என்று சொல்லவும் வழி இருக்கிறது. சிறிய இடங்களுக்கு அதுவே போதும்.

துணையிடம் தரவு எப்போது போய்ச் சேர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடனடி நகல் என்றால், துணை 'எழுதிவிட்டேன்' என்ற பிறகே சீட்டு அச்சாகும்; பதிவு தொலையாது. ஆனால் துணை விழுந்தால் முதன்மையும் அதன் பதிலுக்காகக் காத்து நிற்கும். மைஎஸ்க்யூஎல்லின் அரை உடனடி நகல் முறையில் வழக்கமான அமைப்புப்படி 10 நொடி காத்துவிட்டுச் சாதாரண முறைக்கு இறங்கிவிடும், திரையில் எந்த அறிகுறியும் இல்லாமல். அந்த நிலையில் முதன்மை விழுந்தால் கடைசிச் சீட்டுகள் போய்விடும். அது இறங்கியதும் உங்கள் கைப்பேசிக்குச் சேதி வரும்படி வைத்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு எடைமேடைக் கணினியை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். சர்வர் மாறியபோது அந்தக் கணினி பழைய இணைப்பில் பதிலுக்காகக் காத்திருக்கும். எதிர்முனை போய்விட்டது என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லினக்ஸில் அனுப்பிய தரவுக்குப் பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிக் கைவிட ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும் இணைப்பைச் சோதிக்கத் தொடங்கவே வழக்கமான அளவு 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். சர்வர் அரை நிமிடத்தில் எழுந்திருக்கும். கிராணி இரண்டு மணி நேரம் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிசிபி கீப்அலைவ் எனும் அந்தச் சோதனையை 10 நொடியில் தொடங்கி, 5 நொடிக்கு ஒரு முறை, மூன்று முறை என்று மாற்றுங்கள். அனுப்பிய தரவுக்கான காலவரம்பையும் 20 நொடிக்குக் குறையுங்கள். இது சில வரி மாற்றம். என் அனுபவத்தில், சரியாக வேலை செய்த ஃபெயில்ஓவரைத் 'தோல்வி' என்று எழுத வைத்தது பெரும்பாலும் இந்தச் சில வரிகள்தான்.

இன்னொரு நுட்பம். சீட்டைப் பதிவு செய்யச் சொல்லி அனுப்பியாயிற்று, பதில் வருவதற்குள் வழி அறுந்துவிட்டது. பதிவானதா, இல்லையா? மறுபடி அனுப்பினால் ஒரே லோரி இருமுறை பதிவாகலாம். அனுப்பாவிட்டால் சிறுதோட்டக்காரருக்கு ஒரு லோரிப் பழத்தின் பணம் கிடைக்காமல் போகலாம். எடைமேடைக் கணினியே ஒவ்வொரு எடைக்கும் தனித்த அடையாள எண்ணை உருவாக்கி அதோடு அனுப்பட்டும். தரவுத்தளத்தில் அந்த எண் இருமுறை வர முடியாது என்று கட்டுப்பாடு வையுங்கள். பிறகு எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறைதான் பதிவாகும். பணம் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் இதை விட்டுவிடாதீர்கள்.

வெளி இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளியிழை இணையம் ஒன்று, கைப்பேசிச் சேவை வழி இன்னொன்று என்று வைப்பது நல்லது. தலைமை அலுவலகத்துக்குக் கணக்குப் போகும். ஆனால் எடை போடுவது வெளி இணையத்தை நம்பி இருக்கக்கூடாது. ஆலைக்குள்ளேயே முழுமையாக ஓட வேண்டும்.

மாற்றம் நடந்த பிறகு பழைய முதன்மை திரும்ப எழுந்தால், அது தானாகப் பதவியைத் திருப்பி எடுக்க விடாதீர்கள். கீப்அலைவ்டியில் அதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. துணையாக இருந்து நாள் முழுவதும் ஓடட்டும். என்ன ஆயிற்று என்று ஒரு மனிதர் பார்த்த பிறகு, லோரி இல்லாத நேரத்தில், கையால் மாற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும் சுவிட்ச் ஒன்று ஒரே மாலையில் பத்து முறை முதன்மையை இங்குமங்கும் தூக்கிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சோதனை. அன்று நான் செய்தது ஒரே சோதனை: முதன்மையை முறையாக நிறுத்தியது. முறையாக நிற்கும் சர்வர் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகும். இடி அப்படிச் சொல்லிவிட்டு வராது. அதனால் கேபிளைப் பிடுங்க வேண்டும். ஒவ்வொரு சர்வரின் ஒவ்வொரு கேபிளையும். ஒவ்வொரு சுவிட்சின் கரண்டையும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே இருக்கும் இழைகளை ஒவ்வொன்றாக, பிறகு இரண்டையும் சேர்த்து. வாக்களிக்கும் சிறு கணினியை. முதன்மையின் கரண்டை ஒரே இழுப்பில். ஒவ்வொரு முறையும் ஒருவர் எடைமேடையில் உட்கார்ந்து சீட்டுப் போட்டுக்கொண்டே இருக்கட்டும், இன்னொருவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். எத்தனை நொடி எடை நின்றது, எந்தச் சீட்டு இரட்டித்தது, எது காணாமல் போனது என்று எழுதுங்கள்.

முதல் முறை செய்யும்போது நீங்கள் நினைத்திராத ஏதாவது ஒன்று கட்டாயம் உடையும். அந்த ஆலையில் எல்லாவற்றையும் திருத்திக் கட்டிய பிறகும் முதல் சோதனையில் ஓர் எடைகாட்டி புது வன்பொருள் முகவரியை ஏற்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு சிறு ரவுட்டரை வைத்துச் சரிசெய்தோம். இப்போது முதன்மையின் கரண்டை இழுத்தால் 38 நொடியில் அடுத்த சீட்டு அச்சாகிறது. அந்த எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி சோதித்து, தேதியோடு கீழே அடுத்த எண்ணை எழுதுகிறோம்.

கார்பன் சீட்டுப் புத்தகத்தையும் எடைமேடையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எழுதத் தெரிந்த கிராணி ஒருவர் எப்போதும் அங்கே இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓடாத காலை நேரத்தில், மேலாளரிடம் சொல்லிவிட்டு முதல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அடுத்த இடி வருவதற்குள் உங்கள் கதவிலும் ஓர் எண் இருக்க வேண்டும்.